ஆறுமணிக் குருவி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்டோபரில் ஒருநாள் விடிகாலை, எங்கள் வராந்தாவில் பச்சையும் நீலமும் சிவப்புமாக ஒரு குருவி ஒடுங்கிக் கிடந்தது. கூண்டிலிருந்து தப்பி வந்ததா? மறுபடி வந்தால் என்ன செய்வது?

பதில்: கூண்டுப் பறவை அல்ல, ஆறுமணிக் குருவி. பொன்னுத்தொட்டான் என்றும் சொல்வார்கள். நீளம் சுமார் 19 செ.மீ.; மொட்டை வால், நீண்ட கால், கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, வாலடியில் சிவப்பு. (இந்தக் குடும்பத்துக்கு உலகெங்கும் வழங்கும் ‘பிட்டா’ என்ற பெயர் தெலுங்குச் சொல்!) இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது. இரவில் பறப்பதால் விளக்கொளியில் தடுமாறிக் கண்ணாடியில் மோதும், களைத்தும் விழும்.

முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள், பூனையை அப்புறப்படுத்துங்கள். மெல்லிய துணியால் மூடி எடுத்து, பென்சில் நுழையுமளவு துளையிட்ட அட்டைப்பெட்டியில் விடுங்கள். அடியில் துணி விரியுங்கள். வழவழப்பான காகிதத்தில் கால் சறுக்கும். பெட்டியை மூடி, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். ஆசைக்குக்கூடத் திறந்து பார்க்க வேண்டாம். அலகைப் பிரித்துத் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். சோறு, ரொட்டி வேண்டாம். இது பூச்சியும் மண்புழுவும் தின்னும் பறவை.

ஓரிரு மணி நேரத்தில் உள்ளே துள்ளும் சத்தம் கேட்கும். காக்கைகள் அடங்கும் அந்தியில், புதரடியில் பெட்டியைச் சாய்த்துத் திறந்துவிட்டு விலகுங்கள். மேலே வீசிவிடாதீர்கள். இறக்கை தொங்கினால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். வீட்டில் வைத்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வன உயிரினச் சட்டப்படி குற்றம்.

கேள்வி: குரல் கேட்கிறது, ஆள் தெரியவில்லையே?

பதில்: மரத்தில் தேடினால் எப்படித் தெரியும்? தரையைப் பாருங்கள். காலை ஆறு, மாலை ஆறு வாக்கில் இரண்டு சுரத்தில் விசிலடிக்கும், பெயரே அதனால்தான். அடர்ந்த நிழலில் சருகுச் சத்தம் வரும் பக்கம் அசையாமல் உட்காருங்கள். தவிட்டுக் குருவிகள் கூட்டமாகக் கலகலத்துக்கொண்டு கிளறும். இது பெரும்பாலும் தனி ஆள். நாலு தத்து, ஒரு நிறுத்தம், அலகால் ஓர் இலையைப் புரட்டி எறிதல், குட்டை வால் மெல்ல மேலும் கீழும். பச்சை முதுகு நிழலோடு கலந்துவிடும். பறக்கும்போதுதான் இறக்கையில் வெள்ளை பளிச்சிடும். செல்போனில் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்காதீர்கள், அதன் இரை தேடும் நேரம் பாழாகும்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் தங்குமா?

பதில்: குளிர்காலத்தில் தங்கலாம், சருகைக் கூட்டி எரிக்காமல் இருந்தால். மரநிழலில் நான்கு விரல் உயரத்துக்கு அப்படியே கிடக்கட்டும். அடியில் ஈரம் இருந்தால்தான் புழு இருக்கும். பூச்சிமருந்து அடித்த தோட்டத்தில் அதற்கு வேலையே இல்லை.