முதல்முறை குடிக்க எது நல்லது?

தம்பி, மண்டபம் ஊரில் நண்பர் கல்யாணத்துக்கு முந்தைய இரவு எல்லோரும் பிராந்தி குடிப்பார்கள், முதல்முறை குடிக்கும் நான் எதை எடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். 21 வயது ஆகவில்லை என்றால் பேச்சே வேண்டாம்.

பிராந்தியைத் தொடாதீர்கள். அது 42.8 சதவீதம், 180 மில்லி குவார்ட்டரில் உள்ள ஆல்கஹால், 5 சதவீத பீர் இரண்டு பெரிய பாட்டிலில் இருப்பதைவிட அதிகம். எனக்குப் பிடித்தது சாதாரண பீர்தான். ஐஸில் கிடந்து பாட்டில் வியர்த்திருக்க வேண்டும், பக்கத்தில் வறுத்த நெத்திலி. ‘ஸ்ட்ராங்’ என்று போட்டிருந்தால் ஒதுக்கிவிடுங்கள். முதலில் சோறு, பிறகு பாதி பாட்டில், அதுவும் மெதுவாக.

தமிழ்நாட்டில் கள் 1987 முதல் தடை. சுண்ணாம்பு தடவிய கலயத்துப் பதநீர் கிடைத்தால் தாராளமாகக் குடியுங்கள், போதை ஏறாது.

பைக் சாவியைக் குடிக்காதவரிடம் கொடுத்துவிடுங்கள். பாம்பன் பாலத்துக் காற்று, குடிக்காதவனையே தள்ளாட வைக்கும்.