மொண்ட்ரியான் அலமாரியைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்

டச்சு ஓவியர் மொண்ட்ரியான் பாணியில் சிவப்பு, நீலம், மஞ்சள் கட்டம் போட்ட அலமாரி வந்ததும், ஆத்தங்குடித் தரையும் தஞ்சாவூர் ஓவியமும் இருக்கிற கூடம் கடை மாதிரி ஆகிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள் சகோதரி. அவசரப்பட்டுத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், அருமையான பொருள் அது!

உங்கள் அலமாரியின் வண்ணங்களையே கொண்ட, டச்சுத் தச்சர் ரீட்வெல்டின் சிவப்பு நீல நாற்காலி 1918 வாக்கில் செய்தபோது வெறும் மரம்தான். 1923 வாக்கில்தான் வண்ணம் ஏறியது. கறுப்புச் சட்டங்களின் வெட்டுமுனையில் மட்டும் மஞ்சள். அந்தத் துளிதான் மொத்தத்தையும் கோத்து நிறுத்துகிறது. நீங்களும் தரைக்கல்லில் இருக்கும் சிவப்பையே திண்டு உறையிலும் திரைச்சீலைக் கரையிலும் கொண்டுவாருங்கள். அலமாரிக்குப் பின்சுவர் வெள்ளையாகவே இருக்கட்டும்.

ஓவியத்தை மட்டும் எதிர்ச்சுவருக்கு மாற்றிவிடுங்கள். தங்க ரேக்குக்குப் பக்கத்தில் பளபளக்கும் லாமினேட் நின்றால் இரண்டுமே எடுபடாது.