அப்பா ஏன் அழுதாரு? – ஒரு கடிதம்

வணக்கம் அண்ணே,

மலேசியாவுல சுங்கை சிப்புட்ல இருந்து எழுதுறேன். எனக்கு 27 வயசு, ஈப்போல வேலை. அப்பா முன்னாடி எஸ்டேட்ல ரப்பர் பால்வெட்டு. எஸ்டேட்ட செம்பனைக்கு (பாமாயில் மரத்துக்கு) மாத்துனப்புறம் தாமானுக்கு, அதான் குடியிருப்பு வீட்டுக்கு வந்துட்டோம், இப்ப ஒரு பேக்டரில ஜாகா (காவல்) வேலை பாக்குறாரு. 2023 டிசம்பர் 28, விஜயகாந்த் இறந்த அன்னிக்கு அப்பா வேலைக்கே போகல. கூட்டாளிங்களோட சேர்ந்து ஒட்டுக்கடைல படம் வச்சு மாலை போட்டு சின்னப் புள்ளையாட்டம் அழுதாரு. எனக்கு கூச்சமா போச்சு. "தாத்தா செத்தப்ப கூட இப்படி அழலியேப்பா"னு கேட்டுட்டேன். ரெண்டு நாள் என்கிட்ட பேசல. அதுல இருந்து வருசா வருசம் அந்த தேதிக்கு அன்னதானம்னு காசு எடுத்து வைக்கிறாரு, சம்பளமே கொஞ்சம் தான். நம்மள யாருன்னே தெரியாத ஒரு இந்தியா நடிகருக்கு இங்க உக்காந்து அழறது அடிமை புத்தி இல்லையா அண்ணே? நான் கேட்டது தப்பா?

— ஒரு வாசகி

தங்கச்சி,

கேள்வி தப்பில்ல, தாத்தாவ உள்ள இழுத்தது தான் தப்பு. தாத்தா செத்த அன்னிக்கு உங்கப்பாவுக்கு அழ ஏது நேரம்? சாவ சொல்ல போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடணும், சவப்பொட்டிக்கு சொல்லணும், பந்தல், வர்ற சனத்துக்கு தேத்தண்ணி, யார்கிட்ட கடன் கேக்கலாம்ன்ற யோசனை வேற. எங்கப்பா சாவுல நானும் அப்படித்தான் நின்னேன். கருமாதி முடிஞ்சு மூணு வாரம் கழிச்சு மோட்டார் செயின் கழண்டு ரோட்டோரமா நிக்கிறப்ப தான் அழுகை வந்துச்சு, கை எல்லாம் கிரீஸ், கண்ண தொடைக்கக்கூட முடியல.

அடிமை புத்தின்னீங்க. நானும் உங்க பக்கத்துல ஒரு எஸ்டேட்ல லயத்துல, அதான் தொழிலாளிங்க வரிசை வீட்டுல, பொறந்தவன் தான். எங்க எஸ்டேட் மேனேஜர் தொரை மாத்தலாகி போறப்ப எல்லாரும் வரிசைல நின்னு மாலை போடணும்னு சொன்னாங்க, போட்டோம், ஒருத்தர் கண்ணுலயும் ஒரு சொட்டு தண்ணி வரல. உங்கப்பாவ யாரும் அழச் சொல்லல. அங்க தமிழ்நாட்டுல ரசிகர்னா கூடவே கட்சி இருக்கு, 2005-ல தேமுதிக ஆரம்பிச்சு 2011-ல எதிர்க்கட்சி தலைவர் வரைக்கும் வந்தவரு அவரு, அவர் பின்னாடி போனா ஒரு பதவி கிடைக்கும்னு நெனச்சவங்க அங்க இருந்திருக்கலாம், ஆனா சுங்கை சிப்புட்ல ஜாகா வேலை பாக்குற மனுசனுக்கு அவரால ஒரு ஓட்டும் இல்ல, ஒரு வெள்ளி காசும் இல்ல.

எம்.ஜி.ஆர். இறந்தப்ப எனக்கு பதினோரு வயசு. 1987 டிசம்பர் 24, அதுவும் வியாழக்கிழமை தான், விஜயகாந்த் போனதும் வியாழக்கிழமை. ஸ்கூல் லீவு, அம்மாவோட ரப்பர் காட்டுக்கு, பால் பிடிக்கிற மங்கு தொடைக்க போயிருந்தேன். பால் நிறுக்கிற எடத்துல யாரோ ரேடியோல கேட்டுட்டு வந்து சொல்ல, வாளிய எறக்கி வச்சுட்டு ஆம்பள பொம்பள எல்லாம் அப்படியே நின்னுட்டாங்க. வீட்டுக்கு வந்து பாத்தா பாட்டி வாசப்படில உக்காந்திருக்கு, எடது கைய தூக்கி காத்துல கத்தி வீசுற மாதிரி வீசி வீசி காட்டுது, "எடக்கையாலேயே அத்தன பேர சாய்ப்பானே, போயிட்டானே"னு அழுவுது. எம்.ஜி.ஆர். எடக்கை இல்லையேனு நான் முழிச்சேன். அப்புறம் தான் அம்மா சொன்னுச்சு. சம்பளம் போட்ட வாரம் திடல்ல வெள்ளைத் துணி கட்டி படம் காட்டுவாங்க, முன்னாடி நாற்காலி எல்லாம் ஆபீஸ் கிராணி (கிளார்க்) வீட்டுக்காரங்களுக்கு, அதுக்கு பின்னால லயத்து சனம் பாய போட்டு உக்காரும், வேலைய முடிச்சு சட்டி பானை கழுவிட்டு கடைசில வர்ற என் பாட்டி மாதிரி பொம்பளைங்களுக்கு அங்கயும் எடம் இருக்காது, துணிக்கு அந்தப் பக்கம் போய் உக்காந்துக்கும். அந்தப் பக்கம் இருந்து பாத்தா எல்லாமே எடவலமா மாறி தான் தெரியும். பாட்டி பாத்த எம்.ஜி.ஆர். எல்லாருமே எடக்கைக்காரங்க தான்.

இத இப்ப டைப் பண்றப்பவும் எனக்கு நெஞ்ச அடைக்குது.

யாரு எங்க உக்காரணும், யாருக்கு எந்தத் தட்டு, இது தான் தங்கச்சி எஸ்டேட் வாழ்க்கை. எங்கப்பா கொஞ்ச நாள் தொரை பங்களால தோட்ட வேலை பாத்தாரு. மத்தியானம் சோறு குடுப்பாங்க, நல்ல சோறு தான், ஆனா அவருக்குன்னு ஒரு தகரத் தட்டு, பின்பக்க படியில கவுத்து வச்சிருக்கும், சாப்ட்டுட்டு அவரே கழுவி அங்கயே கவுத்து வைக்கணும். அந்தத் தட்டு வீட்டுக்குள்ள போனதே இல்ல. எங்கப்பா இத கோவமா சொன்னதில்ல, சும்மா போற போக்குல ஒரு தடவை சொன்னாரு, எனக்கு தான் இன்னும் ஆறல.

இப்ப விஜயகாந்துக்கு வாங்க. அவர் செட்ல ஹீரோவுக்கு என்ன சாப்பாடோ அதே தான் லைட்மேனுக்கும். சான்ஸ் தேடி அலையிறவங்க அவர் ஆபீசுக்கு போனா இலை போட்டுடுவாங்க. இத அவர் கூட வேலை செஞ்சவங்க ஒருத்தர் ரெண்டு பேரில்ல, எத்தனையோ பேர் எத்தனையோ பேட்டில சொல்லிட்டாங்க. 2002-ல நடிகர் சங்கத் தலைவரா இருந்தப்ப சங்கத்து கடன அடைக்க நட்சத்திரங்கள எல்லாம் கூட்டிக்கிட்டு மலேசியா, சிங்கப்பூர்னு வந்து கலைநிகழ்ச்சி நடத்துனாரே, உங்கப்பாவுக்கு நல்லா ஞாபகம் இருக்கும், கேட்டுப் பாருங்க. சண்டைக் காட்சிய மறந்தாலும் இந்த சாப்பாட்டு கதைய எங்க சனம் மறக்கல, ஏன்னா தகரத் தட்டுல தின்னவனுக்கு தான் அந்த ஒரே சாப்பாட்டோட அருமை தெரியும்.

இன்னொன்னும் கேக்குறேன், கோவப்படாதீங்க. அவரு உடம்பு முடியாம, பேச்சு வராம இருந்த வருசங்கள்ல வாட்சப்ல எத்தன ஸ்டிக்கர், எத்தன மீம்ஸ்? உங்க போன்லயும் இருந்திருக்கும். என் போன்ல இருந்துச்சு, நானும் ரெண்டு மூணு பேருக்கு அனுப்பியிருக்கேன். டிசம்பர் 29 ராத்திரி கோயம்பேடு கட்சி ஆபீஸ்ல அடக்கம் பண்றத டிவில பாத்துக்கிட்டு இருந்தப்ப அது ஞாபகம் வந்து எனக்கு உள்ள என்னமோ பண்ணிடுச்சு, எந்திரிச்சு போய் எல்லாத்தையும் அழிச்சேன். அழிச்சா மட்டும் சரியாயிடுமா, தெரியல. உங்கப்பா அந்த ஸ்டிக்கர் எல்லாம் உங்க போன்ல பாத்திருப்பாரோன்னு எனக்கு தோணுது. அப்படின்னா அந்த ரெண்டு நாள் பேசாம இருந்தது தாத்தா பேச்சுக்காக மட்டும் இருக்காது.

ரசிகருங்க செய்ற எல்லாத்தையும் நான் ஏத்துக்கல. எம்.ஜி.ஆர். போனப்ப தமிழ்நாட்டுல உசுர மாய்ச்சுக்கிட்டவங்க இருக்காங்க, அத பாசம்னு யாராவது சொன்னா என்னால பொறுக்க முடியாது, பின்னாடி பொண்டாட்டி புள்ளைங்க தானே தெருவுல நின்னுச்சு. கடன் வாங்கி கட்டவுட்டு, பாலாபிசேகம், அதெல்லாம் வேணாம். உங்கப்பாவும் அன்னதானத்துக்கு கடன் வாங்குறார்னா தடுங்க, கூட்டாளிங்க எல்லாரும் பங்கு போட்டு செய்யட்டும், அம்பது பேருக்கு போட்டாலும் போதும். ஆனா சொந்தக் காசுல ஊருக்கு ஒரு வேளை சோறு போடுற மனுசன பாத்து அடிமைன்னு சொல்லாதீங்க தங்கச்சி. தின்னவன் இன்னிக்கு போடுறான்.

இந்த டிசம்பர் 28-க்கு லீவு கேட்டுப் பாருங்க. காலைலயே போயிடுங்க, வெங்காயம் உரிக்கவும் இலை போடவும் ஆள் பத்தாது.