ஆறு மாதச் சம்பளத்தை நம்பி மனை வாங்கலாமா? ஒரு கால்பந்து மிட்ஃபீல்டரின் கேள்வி

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு 23 வயது, விழுப்புரம் பக்கம் ஒரு கிராமம். பெண்கள் கால்பந்தில் மிட்ஃபீல்டர். மூன்று சீசனாக இந்திய மகளிர் லீக்கில் வெளிமாநில கிளப்புகளுக்கு ஆடுகிறேன். இந்த சீசனுக்கு 4.80 லட்சம் ஒப்பந்தம், ஆறு மாதத்தில் மாதம் 80,000 என்று பிரித்துத் தருகிறார்கள், அதில் 10% டிடிஎஸ் (வரிப் பிடித்தம்) போய் 72,000 கைக்கு வரும். வங்கியில் 1.90 லட்சம் இருக்கிறது. அப்பா ஊருக்குப் பக்கத்தில் 9 லட்சத்துக்கு ஒரு மனை பார்த்து வைத்திருக்கிறார். 2 லட்சம் முன்பணம் கொடுத்துவிட்டு மீதி 7 லட்சத்துக்கு என் பெயரில் லோன் போடலாம் என்கிறார். மாமா ஒருவர் வருடம் 60,000 கட்டுகிற 20 வருட மணிபேக் பாலிசி போடச் சொல்கிறார். கோச், போலீஸ் வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் முயற்சி செய் என்கிறார், ஆனால் வேலைக்குப் போனால் ஆட்டம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. போன சீசன் ஆடிய கிளப் இரண்டு மாதச் சம்பளம் இன்னும் தரவில்லை. இதற்கு நடுவில் ஒரு ஏஜென்ட் 3 லட்சம் கொடுத்தால் ஐரோப்பாவில் டிரையல்ஸ் ஏற்பாடு செய்கிறேன் என்கிறார். என்ன செய்யட்டும்? பெயர் போட வேண்டாம்.

பதில்: வணக்கம் தங்கச்சி. முதலில் ஒன்றைப் பேசி முடித்துவிடுவோம், மீதி எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. உங்கள் சம்பளம் 72,000 இல்லை. ஆறு மாதம் வருகிற பணம் பன்னிரண்டு மாதம் ஓட வேண்டும், அதனால் அது 36,000. வீட்டில் எல்லோரும் 72,000 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறார்கள், மாமா உட்பட.

இந்த லீக்கே எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். 2019ல் சேது எஃப்சி கோப்பை தூக்கியபோது மொத்தப் போட்டியும் லூதியானாவில், ஒரே ஊரில், மூன்று வாரத்துக்குள் முடிந்துவிட்டது. சொந்த ஊரில் ஒரு ஆட்டம், எதிரணி ஊரில் ஒரு ஆட்டம் என்கிற முறை 2023-24ல்தான் வந்தது. கிளப்புகள் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்காவது வருடம் 3.20 லட்சத்துக்குக் குறையாமல் ஒப்பந்தம் போட வேண்டும் என்று அகில இந்திய கால்பந்து சம்மேளனம் முடிவெடுத்ததும் 2023ல்தான். அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் இது ஒரு சீசன் ஒப்பந்தம். அடுத்த சீசன் கிளப் மாறலாம், தொகை குறையலாம், லீக் தள்ளியும் போகலாம். அதனால் வரும் பணம் ஒரு கணக்கில் விழட்டும், அதிலிருந்து மாதா மாதம் 26,000 மட்டும் செலவுக் கணக்குக்குப் போகிற மாதிரி வங்கியில் சொல்லிவையுங்கள். வீட்டுக்கு அனுப்புவதும் அந்த 26,000க்குள்தான். சீசன் நடக்கும்போதும் 26,000, சும்மா இருக்கும் மாதத்திலும் 26,000.

பிடிக்கிற 10% உங்களுக்குத் திரும்ப வர வேண்டிய பணம். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரி இல்லை, உங்களுக்கு வேறு வருமானமும் இல்லை, ஆக 48,000 ரூபாய் முழுவதும் ரீஃபண்ட். ரிட்டர்ன் தாக்கல் செய்தால்தான் வரும் என்பதுதான் விஷயம். கிளப் உங்களைச் சம்பள ஊழியராக வைக்காமல் தொழில்முறை ஆளாகக் காட்டிப் பிடிக்கிறது, அதனால் உங்களுக்குப் பொருந்துவது ஐடிஆர்-3. ஒரு ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள், அந்தப் படிவத்தோடு நீங்கள் மல்லுக்கட்ட வேண்டாம். அதற்கு முன் வருமான வரி இணையதளத்தில் உங்கள் பான் எண்ணில் 26ஏஎஸ் எடுத்துப் பாருங்கள். கிளப் பிடித்த தொகை அதில் ஏறியிருக்கிறதா என்று மாதவாரியாகத் தெரியும். பிடித்தது உண்மை, கட்டவில்லை என்கிற கதையும் உண்டு. போன சீசன் பாக்கி வைத்த கிளப் விஷயத்தில் இதைக் கட்டாயம் பாருங்கள்.

சரி, மனை. 7 லட்சத்தைத் தனிநபர் கடனாக 14% வட்டிக்கு ஐந்து வருடம் எடுத்தால் மாதம் கிட்டத்தட்ட 16,300, கட்டி முடிக்கும்போது 9.77 லட்சம் ஆகியிருக்கும். 36,000 வருமானத்தில் 16,300 தவணை. அதுவும் பரவாயில்லை என்று வைத்துக்கொள்வோம். அறுபது தவணை என்பது ஐந்து சீசன், உங்கள் கையில் இருப்பதோ ஒரு சீசன் ஒப்பந்தம். முன்பணம் 2 லட்சம் கொடுத்தால் வங்கியில் இருக்கும் 1.90 லட்சமும் காலி. அப்பாவுக்கு இது புரியாமல் இல்லை, பெண் சம்பாதிக்கும் காலத்திலேயே மண்ணில் எதையாவது போட்டுவிட வேண்டும் என்கிற தவிப்பு அது, நம் ஊர் அப்பாக்கள் எல்லோருக்கும் இருப்பதுதான். மாட்டேன் என்று சொல்ல வேண்டாம். நிரந்தர வேலை ஒன்று கையில் வந்த பிறகு பார்க்கலாம் என்று சொல்லுங்கள். அது எப்போது என்பதற்குக் கீழே வருகிறேன்.

மாமாவின் பாலிசி வேண்டாம். 20 வருடம் பிரீமியம் கட்டச் சொல்கிறார், கடைசித் தவணை கட்டும்போது உங்களுக்கு 42 வயது தாண்டியிருக்கும். பிரேசில் மிட்ஃபீல்டர் ஃபோர்மிகா ஏழு உலகக் கோப்பை ஆடி, 43 வயதில்தான் தேசிய அணியிலிருந்து விடைபெற்றார், உண்மைதான். அவரை மனதில் வைத்து ஆட்டம் ஆடலாம், பிரீமியம் கட்ட முடியாது.

இப்போது முழங்கால். இதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை, எனக்கு அதுதான் உறுத்தியது. பெண்கள் கால்பந்தில் ஏசிஎல், அதாவது முழங்கால் மூட்டுக்குள் இருக்கும் முக்கியத் தசைநார், கிழிவது ஆண்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் அதிகம். மிட்ஃபீல்டர் என்றால் ஓடிக்கொண்டே திரும்பித் திரும்பி ஆட வேண்டிய இடம், யாரும் இடிக்காமலே கால் மாட்டும். பார்சிலோனாவின் அலெக்சியா புட்டெயாஸ் உலகின் சிறந்த வீராங்கனையாக இருந்தபோதே, 2022 யூரோ கோப்பை தொடங்கும் சமயத்தில் பயிற்சியில் அவருக்கு ஏசிஎல் போனது. அவர் திரும்பி வந்தார். அமெரிக்க மிட்ஃபீல்டர் சாம் மியூயிஸ் முழங்கால் பிரச்சினையால் 2024 ஜனவரியில், 31 வயதில், ஆட்டத்தையே விட வேண்டியதாயிற்று. ஆபரேஷன் முடிந்து களத்துக்குத் திரும்ப எட்டொன்பது மாதம் ஆகும் என்றுதான் கணக்கு வைக்க வேண்டும். அதாவது ஒரு முழு சீசன், ஒரு முழு வருட வருமானம்.

அதனால் உங்கள் அவசரப் பணம் மூன்று மாதச் செலவு, ஆறு மாதச் செலவு என்கிற பொது விதிப்படி இருக்கக் கூடாது. ஒன்பது மாதம் வேண்டும். மாதம் 26,000 வீதம் 2.34 லட்சம். கையில் 1.90 லட்சம் இருக்கிறது, இன்னும் 44,000 போட்டால் சரியாகிவிடும். இதை ஒரே எஃப்டியாகப் போடாமல் நாலைந்தாக உடைத்துப் போடுங்கள், தேவைப்பட்டதை மட்டும் உடைக்கலாம். அப்புறம் உங்கள் பெயரில் ஒரு மருத்துவக் காப்பீடு, ஒரு தனிநபர் விபத்துக் காப்பீடு. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22லிருந்து ஜிஎஸ்டி கிடையாது, அது ஒரு லாபம். விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் ஏஜென்ட் 'மாணவி' என்றோ 'தனியார் வேலை' என்றோ எழுதிவிடப் பார்ப்பார், பிரீமியம் குறையும் என்பார். விடாதீர்கள். தொழில்முறை கால்பந்து வீராங்கனை என்றே எழுதச் சொல்லுங்கள், மைதானத்தில் அடிபட்டால் கிளெய்ம் உண்டா என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வாங்கிக்கொள்ளுங்கள். விபத்துக் காப்பீடு பலவற்றில் தொழில்முறை விளையாட்டுக்கு விலக்கு வைத்திருப்பார்கள், அந்த வரி இருக்கிற பாலிசி உங்களுக்கு வெறும் காகிதம்.

இதைவிடப் பெரியது கிளப் ஒப்பந்தத்தில் காயம் பற்றிய பத்தி. அடிபட்டால் ஆபரேஷன் செலவு யாருடையது, பிசியோ எத்தனை மாதம், சீசன் முடியும்வரை சம்பளம் தொடருமா. 'கிளப் பார்த்துக்கொள்ளும்' என்று மேனேஜர் வாயால் சொல்வது கணக்கில் வராது. கையெழுத்து போட்ட நகல் ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும். ஐஸ்லாந்து மிட்ஃபீல்டர் சாரா பியோர்க் குன்னார்ஸ்டோட்டிர் கதையைச் சொல்கிறேன். பிரான்ஸின் லியோன் கிளப்பில் இருந்தபோது கர்ப்பமானார், கிளப் முழுச் சம்பளம் தரவில்லை. அவர் விடாமல் ஃபிஃபா தீர்ப்பாயம் வரை போய் 82,000 யூரோவுக்கு மேல் வாங்கினார். ஒப்பந்தம் எழுத்தில் இருந்தது, வீரர்கள் சங்கம் துணைக்கு இருந்தது, அதனால் முடிந்தது. பிரசவத்துக்குக் குறைந்தது 14 வாரம், சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் தர வேண்டும் என்பது 2021லிருந்து ஃபிஃபா விதி. 23 வயதில் இது இப்போது எதற்கு என்று தோன்றலாம், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பாக்கிக்கும் இதே வழிதான். ஃபிஃபா விதிப்படி இரண்டு மாதச் சம்பளம் நிலுவை ஆனால், எழுத்தில் 15 நாள் அவகாசம் கொடுத்துவிட்டு ஆட்டக்காரரே ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். உங்களுக்கு அந்த சீசன் முடிந்துவிட்டது, முறிக்க ஒன்றுமில்லை, ஆனால் பணம் கேட்கும் உரிமை அப்படியேதான் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் 'சார் சம்பளம்' என்று கேட்டுக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டு, எந்த மாதம், எவ்வளவு, எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். அசையவில்லை என்றால் ஒப்பந்த நகலோடும் வங்கி ஸ்டேட்மென்ட்டோடும் சம்மேளனத்தின் வீரர் நிலைக் குழுவுக்குப் புகார். இந்தியக் கால்பந்து வீரர்கள் சங்கத்தையும் கேளுங்கள். பேர் கெட்டுவிடும், அடுத்த கிளப் எடுக்காது என்று பயமுறுத்துவார்கள். பாக்கி வைத்தவர்களுக்குத்தான் அந்தப் பயம் இருக்க வேண்டும்.

வேலை விஷயத்தில் நான் முழுக்க உங்கள் கோச் பக்கம். வேலைக்குப் போனால் ஆட்டம் போய்விடும் என்று யார் சொன்னது? உங்கள் இடத்தில் ஆடுகிறவர்களையே பாருங்கள். இந்தியாவுக்காக ஆடிய நம் கடலூர் இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர், 2020 ஊரடங்கில் சென்னையில் டியூட்டி பார்த்தவர். 2025 ஜூலையில் சியாங் மாயில் தாய்லாந்தை 2-1 என்று வென்று இந்தியா ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றதே, அந்த இரண்டு கோலையும் அடித்த மிட்ஃபீல்டர் சங்கீதா பாஸ்ஃபோர் எஸ்எஸ்பி என்ற மத்திய எல்லைக் காவல் படையில் வேலை பார்ப்பவர். இரண்டாம் நிலைக் காவலர் என்றாலும் அடிப்படை ஊதியம் 18,200, அதன்மேல் அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி. சப்-இன்ஸ்பெக்டர் என்றால் தொடக்கமே 36,900. பன்னிரண்டு மாதமும் வரும், கால் உடைந்தாலும் வரும். பயிற்சிக் காலத்தில் ஒரு சீசன் போகலாம், லீக்குக்கு விடுப்பும் அனுமதியும் வாங்குவது ஒவ்வொரு முறையும் ஒரு போராட்டமாக இருக்கலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த விலை கொடுக்கலாம் என்பதுதான் என் கருத்து.

அரசு வேலைக்கு 3% விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது, வயது வரம்பும் இருக்கிறது, அதனால் 'இன்னும் இரண்டு சீசன் ஆடிவிட்டு' என்று தள்ளாதீர்கள். இதில் கிளப்புக்கு ஆடியதைவிட மாநிலத்துக்கு ஆடியதுதான் பேசும். தமிழ்நாடு 2018லும் 2023லும் கோப்பை வென்ற சீனியர் தேசியப் போட்டி இருக்கிறதல்லவா, அந்த மாதிரிப் போட்டிச் சான்றிதழ்கள். அசல்களை எடுத்து ஒரு ஃபைலில் வையுங்கள், லேமினேட் செய்யாதீர்கள், பெயரும் இனிஷியலும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் இருப்பதுபோலவே இருக்கிறதா பாருங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தால் இப்போதே மாநிலச் சங்கத்தில் திருத்திக்கொள்ளுங்கள், அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் நடக்காது. சீசன் இல்லாத மாதங்களில் டி லைசென்ஸ் கோச்சிங் படிப்பையும் முடித்து வையுங்கள். வேலை கிடைத்து ஒரு வருடம் ஆனதும் அப்பாவின் மனைக்கு நானே கணக்குப் போட்டுத் தருகிறேன், அப்போது வட்டியும் குறைவாகக் கிடைக்கும்.

மீதிப் பணக் கணக்கு சின்னது. கைக்கு வருகிற 4.32 லட்சத்தில் செலவு 3.12 லட்சம் போக 1.20 லட்சம் நிற்கும். அதில் எஃப்டிக்கு 44,000, காப்பீடுகளுக்கு 20,000 வரை, ஸ்டட்ஸ், பிசியோ, ஜிம் என்று தொழில் செலவுக்கு 24,000, இன்னும் இருக்கிற 32,000 ஒரு சாதாரண நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டுக்கு. ரீஃபண்ட் 48,000 வரும்போது அப்படியே பிபிஎஃப் கணக்கில் போடுங்கள். 15 வருடம் என்று பயப்பட வேண்டாம், ஏழாம் வருடத்திலிருந்து ஒரு பகுதி எடுக்கலாம், முடியும்போது உங்களுக்கு நாற்பதுக்குப் பக்கம், ஆட்டம் நின்று சில வருடம் ஆகியிருக்கும்.

கடைசியாக அந்த ஏஜென்ட். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இந்திய வீராங்கனை பாலா தேவி 2020ல் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கிளப்புக்குப் போனது கிளப் அவரை டிரையல்ஸில் பார்த்துப் பிடித்துப்போய், 18 மாத ஒப்பந்தம் போட்டு. மனிஷா கல்யாண் 2022ல் சைப்ரஸ் போனதும் ஒரு கிளப் அவரை ஒப்பந்தம் செய்துதான். நல்ல ஆட்ட வீடியோ தொகுத்து வைத்துக்கொள்வது உங்கள் செலவு, அதற்கு மேல் எதுவும் உங்கள் செலவு இல்லை. மறுபடி போன் செய்தால் ஃபிஃபா ஏஜென்ட் லைசென்ஸ் எண்ணையும், அழைக்கிற கிளப் தன் மின்னஞ்சலிலிருந்து நேரடியாக அனுப்பும் கடிதத்தையும் கேளுங்கள். அநேகமாக அதோடு போன் வருவது நின்றுவிடும்.