ஒரே அம்புலன்ஸில் இருவர்

மாங்குளத்தில் விபத்துக்குள்ளான உங்கள் தம்பியையும் அவரது நண்பரையும் ஒரே அம்புலன்ஸில் ஏற்றியது பிழையா என்று கேட்டிருந்தீர்கள். பிழை என்று சொல்ல மாட்டேன். ஏ9 வீதியில் இன்னொரு வண்டிக்காகக் காத்திருப்பதுதான் சில வேளை ஆபத்து.

வண்டியிலுள்ள படுக்கை, மோசமாக இருப்பவருக்கு. கை முறிந்தாலும் நினைவோடு கதைக்கிறவர் பெல்ட் போட்டு இருக்கையில் வரலாம். ஆனால் கழுத்திலோ முதுகெலும்பிலோ அடி என்று சந்தேகம் வந்தால் உட்கார வைக்கவே கூடாது. இருவருக்கும் ஒட்சிசன் தேவையென்றால், பின்னால் இருக்கும் ஒரு பணியாளரால் கவனிப்பது கஷ்டம். இரண்டாவது வண்டி கேளுங்கள். காசநோய், சின்னமுத்து போலக் காற்றில் தொற்றும் நோய் என்றால் சேர்த்து ஏற்றுவது சரியில்லை.

அப்புறம், இனி ஒருதரம் (வரவே வேண்டாம்) 1990 அம்புலன்ஸ் சேவைக்கு எடுத்தால், எத்தனை பேருக்குக் காயம் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். பதற்றத்தில் பலர் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.