கிராஃபீன் சொட்டு மருந்தும் அக்காவின் கீமோவும்

கேள்வி: காசிமேட்டில் இருக்கிறோம். என் அக்காவுக்கு வயது 47, மார்பகப் புற்றுநோய். அரசு மருத்துவமனையில் முதலமைச்சர் காப்பீட்டில் கீமோ நடக்கிறது. சிவப்பு மருந்து நான்கு முறை ஏறிவிட்டது. அடுத்து வாரா வாரம் பேக்லிடாக்ஸல் என்கிறார்கள். முடி கொட்டி, சாப்பிட முடியாமல் துவண்டு கிடக்கிறாள். இதற்கிடையே தண்டையார்பேட்டையில் ஒரு கிளினிக்கில், "கிராஃபீன் நானோ சொட்டு மருந்து, கட்டியை மட்டும் தேடிப்போய் அடிக்கும், கீமோவே வேண்டாம்" என்கிறார்கள். பாட்டில் 18,000 ரூபாய். மாமா நகையை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார். கீமோவை நிறுத்திவிட்டு இதைப் பார்க்கலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். முதலில் மாமாவை அடகுக் கடைக்குப் போகவிடாமல் பிடித்து வையுங்கள், காரணத்தை அப்புறம் பேசலாம்.

கிராஃபீன் நிஜமான பொருள். தொல்லையே அதுதான். முழுப் பொய் என்றால் ஒரு வரியில் பதில் முடிந்திருக்கும். கார்பன் அணுக்கள் ஒரே அடுக்காகப் பரவிய தாள் அது. 2004-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும், பென்சிலில் இருக்கும் அதே கிராஃபைட்டின் மேல் ஒட்டு டேப்பை ஒட்டி உரித்தே இதைப் பிரித்தெடுத்தார்கள். 2010-ல் நோபல் பரிசு வந்தது.

மருந்து ஆராய்ச்சிக்காரர்களுக்கு இதன்மேல் ஆசை வந்ததற்குக் காரணம் பரப்பளவு. ஒரு கிராம் கிராஃபீனை விரித்து இரண்டு பக்கமும் கணக்கிட்டால் சுமார் 2,630 சதுர மீட்டர். நம்மூர்க் கணக்கில் கிட்டத்தட்ட 12 கிரவுண்டு மனை! அவ்வளவு இடத்திலும் மருந்தை ஏற்றலாம். உங்கள் அக்காவுக்கு ஏறிய சிவப்பு மருந்தான டாக்ஸோரூபிசினின் மூலக்கூறில் தட்டையான வளையங்கள் உண்டு. அவை இந்தத் தாளின்மேல் தாமாகவே படிந்து ஒட்டிக்கொள்ளும். ரத்தத்தின் பி.எச். அளவு (இது குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) 7.4. கட்டியைச் சுற்றி அமிலத்தன்மை சற்று அதிகம், செல்லுக்குள் மருந்து போய் விழும் பைகளில் இன்னும் அதிகம். அமிலம் கூடக்கூடப் பிடி தளர்ந்து மருந்து கழன்றுவிடும். விளம்பரங்களில் ஏதோ மாயம்போல வருவது இந்த வேதியியல்தான். வெறும் கிராஃபீன் தண்ணீரோடு சேராது என்பதால் ஆய்வகங்களில் பெரும்பாலும் ஆக்சிஜன் சேர்ந்த வடிவமான கிராஃபீன் ஆக்சைடைப் பயன்படுத்துவார்கள். ஸ்டான்ஃபோர்டில் 2008-லேயே இப்படி ஒரு புற்றுநோய் மருந்தை ஏற்றிக் காட்டினார்கள்.

அப்புறம் ஏன் இன்னும் வார்டுக்கு வரவில்லை? எந்த மருந்துத் துகளும் கட்டியைத் "தேடிப்" போவதில்லை. ரத்தம் இழுத்த இழுப்புக்குப் போகும், வழியில் கல்லீரலும் மண்ணீரலும் பெரும்பங்கைப் பிடித்துக்கொள்ளும். டொரண்டோ பல்கலைக்கழகக் குழு ஒன்று, அதற்கு முந்தைய 10 ஆண்டுகளின் விலங்கு ஆய்வுகளை அலசி 2016-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. ஊசியில் ஏற்றிய நானோ துகள்களில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது, இடைநிலை அளவாக, வெறும் 0.7 சதவீதம். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. அதுவும் நேராக ரத்தத்தில் ஏற்றி! சொட்டு மருந்தாகக் குடித்தால் என்ன போய்ச் சேரும் என்று கிளினிக்காரரைத்தான் கேட்க வேண்டும்.

இன்னொரு கவலை ரத்தம் உறைவது. கிராஃபீன் ஆக்சைடு தாள்களை எலிகளுக்கு ஏற்றியபோது ரத்தத் தட்டணுக்கள் கூடி நுரையீரலில் அடைப்பு உண்டானதை பனாரஸ் இந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-ல் காட்டினார்கள். அதே குழு அடுத்த ஆண்டு, மேற்பரப்பை வேறு விதமாக மாற்றிய கிராஃபீன் அப்படிச் செய்யவில்லை என்றும் காட்டியது. ஆக, பாட்டிலில் "கிராஃபீன்" என்று எழுதியிருப்பதை வைத்து நல்லதா கெட்டதா என்று ஒன்றும் சொல்ல முடியாது. மனிதர்களிடம் செய்த முதல் கட்டுப்படுத்தப்பட்ட சோதனை 2024-ல்தான் வெளிவந்தது. ஆரோக்கியமான 14 பேர் மெல்லிய கிராஃபீன் ஆக்சைடைச் சிறிதளவு சுவாசித்தார்கள், உடனடிப் பாதிப்பு எதுவும் தெரியவில்லை. பாதுகாப்பானதா என்று பார்க்கச் செய்த சோதனை அது, சிகிச்சை அல்ல.

சரி, நானோ மருந்து என்றாலே கனவா? இல்லை, ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, கிராஃபீன்தான் அதில் இல்லை. 2021-ல் கருப்புப் பூஞ்சைக்காக ஊரே தேடி அலைந்த லிப்போசோமல் ஆம்ஃபோடெரிசின் அந்த வகைதான், மருந்தைக் கொழுப்புக் குமிழுக்குள் அடைத்தது. அக்காவின் சிவப்பு மருந்துக்கும் அப்படி ஒரு வடிவம் உண்டு, அமெரிக்காவில் 1995-லேயே அனுமதி பெற்றது. இதயத்துக்குப் பாதிப்பு குறைவு, ஆனால் உள்ளங்கையும் பாதமும் சிவந்து எரிந்து தோல் உரியலாம். அது வேறு இது வேறு. ஒன்றுக்குப் பதில் அதே அளவு மற்றொன்றைப் போட முடியாது.

உங்களுக்கு இப்போது உதவக்கூடிய தகவல் பேக்லிடாக்ஸல் பற்றியது. அது தண்ணீரில் கரையாது. ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த ஒரு கரைப்பானில் கலந்து தருகிறார்கள். அந்தக் கரைப்பானால் ஒவ்வாமை வரலாம் என்பதால்தான் டிரிப் ஏறும் முன் ஸ்டீராய்டு போடுவார்கள். அல்புமின் புரதத்தோடு பிணைத்த நானோ பேக்லிடாக்ஸலில் அந்தக் கரைப்பான் கிடையாது, வழக்கமாக ஸ்டீராய்டும் தேவைப்படாது. அக்காவுக்குச் சர்க்கரை இருந்து ஸ்டீராய்டால் எகிறுகிறது, அல்லது முதல் டிரிப்பிலேயே மூச்சு முட்டியது என்றால், "அல்புமின் வகை சரிப்படுமா, காப்பீட்டில் வருமா" என்று டாக்டரிடம் கேளுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் சாதாரண பேக்லிடாக்ஸலே போதும். நானோ வகையின் விலையும் அதிகம், பேக்லிடாக்ஸலால் விரல் மரத்துப்போவதும் அதில் குறையாது.

வாந்தியையும் சாப்பிட முடியாததையும் தாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. அடுத்த முறை ஓ.பி.யில் கூச்சப்படாமல் சொல்லுங்கள், வாந்தி மாத்திரையை மாற்றித் தருவார்கள். காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால் இரவானாலும் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

"இது மருத்துவ ஆய்வு" என்று கிளினிக்கில் சமாளித்தால், சி.டி.ஆர்.ஐ. (மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடு) பதிவு எண்ணையும் நெறிமுறைக் குழு அனுமதியையும் கேளுங்கள். முறையான ஆய்வில் ஆய்வு மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்க மாட்டார்கள். "புற்றுநோயைக் குணப்படுத்தும்" என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. நோட்டீஸோ ரசீதோ இருந்தால் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் புகார் கொடுக்கலாம்.

அக்கா ஏற்கெனவே சில சொட்டுகள் குடித்துவிட்டார் என்றால் திட்ட வேண்டாம். திட்டினால் அடுத்த முறை மறைப்பார். பாட்டிலையே கையோடு எடுத்துப் போய் அடுத்த கீமோவுக்கு முன் டாக்டரிடம் காட்டி, கல்லீரல் பரிசோதனை எடுக்கச் சொல்லுங்கள்.