பன்னிரண்டு வருஷமாக ஷெட்டில் நிற்கும் கான்டெஸா காரை மறுபடி ஓட வைக்க முடியுமா?

முடியும். ஆனால் உங்கள் கேள்வியின் கடைசி வரிதான் பயமாக இருக்கிறது. குடியாத்தத்தில் தாத்தா வீட்டு ஷெட், 1994 மாடல் பெட்ரோல் வண்டி, தாத்தா காலமான பிறகு யாரும் தொடவில்லை, இதெல்லாம் சரி. "மச்சான் புது பேட்டரி வாங்கிவிட்டான், வரும் ஞாயிற்றுக்கிழமை ஸ்டார்ட் செய்து பார்க்கப்போகிறோம்" என்று முடித்திருக்கிறீர்களே, அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தள்ளிப்போடுங்கள்.

வாலாஜாவில் எங்கள் பெரியப்பாவின் கான்டெஸாவும் இப்படித்தான் பல வருஷம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. அதை எழுப்பியவர், ஆயுசு முழுக்க அம்பாசடர்களோடு மல்லுக்கட்டிய ஆற்காட்டு மெக்கானிக் பாய் ஒருவர். நான் டார்ச் பிடித்தேன், சாமான் வாங்கி வந்தேன், ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேலையைத் தலையில் போட்டுக்கொண்டேன். ஷெட்டுக்குள் வந்ததுமே அவர் சொன்னது இதுதான்: "தம்பி, சாவிய என்கிட்ட குடுத்துடு. உன் கையில இருந்தா நீ திருகிடுவ."

ஏன் திருகக்கூடாது? நின்ற வண்டியில் ஆயில் முழுக்க வடிந்து, எஞ்சினுக்கு அடியில் இருக்கும் சம்ப் என்ற தொட்டியில் கிடக்கும். சிலிண்டர் சுவர் காய்ந்திருக்கும், பிஸ்டன் ரிங்குகள் லேசான துருவோடு அதில் ஒட்டியிருக்கும். அந்த நிலையில் செல்ஃப் மோட்டார் முழு பலத்தோடு இழுத்தால் ரிங் உடையும், இல்லாவிட்டால் சிலிண்டர் சுவர் கீறிக்கொள்ளும். கையால் பொறுமையாகச் சுற்றினால் எஞ்சினைத் திறக்காமலே தப்பியிருக்கக்கூடிய வண்டி, சிலிண்டரைக் கடைந்து சரிசெய்யும் போரிங் செலவில் போய் நிற்கும். போதாததற்கு எலி கடித்த வயர்கள் வேறு. புது பேட்டரியில் கரண்ட் தாராளமாக இருக்கும், எங்கே ஷார்ட் ஆனாலும் புகை கிளம்பும். ஓலைக் கூரை ஷெட் என்றால் சொல்லவே வேண்டாம்.

இடையில் ஒரு விஷயம். நீங்கள் இதை "இந்திய மஸில் கார்" என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், நானும் சண்டைக்கு வரவில்லை. ஆனால் மஸில் கார் என்றால் பெரிய எஞ்சின் வேண்டும். 1966இல் அமெரிக்காவின் டாட்ஜ் சார்ஜரில் கிடைத்த ஹெமி எஞ்சின் 7 லிட்டர், 425 குதிரைத்திறன். 1984இல் நம்ம கான்டெஸா வந்தபோது அதன் நீளமான பானெட்டுக்குள் இருந்தது அம்பாசடரின் அதே 1.5 லிட்டர் எஞ்சின், சுமார் 50 குதிரைத்திறன். பாடி பிரிட்டனின் வாக்ஸ்ஹால் காரிலிருந்து வந்தது. தோற்றம் மட்டும்தான் பயில்வான். பிறகு இசுசுவின் 1.8 லிட்டர் எஞ்சினும் ஐந்து கியரும் வந்த பின்புதான் வண்டிக்கு உயிர் வந்தது. 1994 பெட்ரோல் என்றால் உங்களுடையது பெரும்பாலும் அந்த 1.8தான். அது நல்ல செய்தி, ஏனென்றால் அம்பாசடர் 1800லும் அந்த எஞ்சின்தான் இருந்தது. அதனால் எஞ்சின் சாமானுக்கு அவ்வளவாக அலைய வேண்டியிருக்காது.

இனி வேலைக்கு வருவோம். முதலில் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். பானெட்டைத் திறந்து ஏர் ஃபில்டர் டப்பா, சைலன்சர் வாய், ஹீட்டர் துவாரம், சீட்டுக்கு அடி எல்லாவற்றிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். எலிக்கூடு, குளவிக்கூடு கட்டாயம் இருக்கும். கையை விடுவதற்கு முன் குச்சியால் தட்டிப் பாருங்கள், நம்ம ஊரில் ஷெட்டுக்குள் பாம்பு வருவதற்கு வேறு காரணமே வேண்டாம், எலி போதும்.

பிறகு நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் எஞ்சின் ஆயிலும் டீசலும் கலந்து இரண்டு மூன்று ஸ்பூன் விட்டு, துணியால் மூடி அப்படியே விட்டுவிடுங்கள். இரண்டு நாள் ஆகட்டும், நாலு நாள் ஆகட்டும். அப்புறம் கியரை நியூட்ரலில் போட்டு, முன்னால் எஞ்சின் தண்டின் முனையில் இருக்கும் கிராங்க் புல்லி நட்டில் பாக்ஸ் ஸ்பேனரை மாட்டி, முன்னாலிருந்து பார்த்தால் கடிகாரம் சுற்றும் பக்கமாக மெதுவாக அழுத்திப் பாருங்கள். கொஞ்சம் அசைந்தால் போதும். முன்னும் பின்னும் அசைத்து அசைத்துத்தான் முழுச் சுற்று வர வேண்டும். அசையவே இல்லையா? இன்னும் கொஞ்சம் ஆயில் விட்டுவிட்டுப் போய்விடுங்கள். ஸ்பேனர் கைப்பிடியில் இரும்பு பைப் சொருகி நீளமாக்கி அழுத்துகிற ஆள் ஒருவர் எல்லாத் தெருவிலும் இருப்பார். அவரை ஷெட் பக்கம் விடாதீர்கள்.

முழுச் சுற்று வந்ததும் மேல் மூடியைக் கழற்றி, எஞ்சினைக் கையால் சுற்றும்போது வால்வுகள் எல்லாம் ஏறி இறங்குகின்றனவா என்று பாருங்கள். ஒன்று மாட்டிக்கொண்டு நின்றால் அதைச் சரிசெய்த பிறகுதான் அடுத்தது. பழைய ஆயிலை வடித்து, ஃபில்டரை மாற்றி, புது ஆயில் ஊற்றுங்கள்.

இப்போது வயரிங். பேட்டரியை நேராக இணைக்காமல், நெகட்டிவ் முனைக்கும் கேபிளுக்கும் நடுவில் ஒரு 12 வோல்ட் ஹெட்லைட் பல்பை வைத்து இணைக்கச் சொல்லுங்கள். எல்லா சுவிட்சும் அணைந்திருக்கும்போது பல்ப் பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஷார்ட். கரண்ட் பல்பைத் தாண்டி அதிகமாகப் போகாது என்பதால் வயர் எரியாது, நிதானமாகத் தேடலாம். நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கு இது தெரிந்த வித்தைதான். ஆனால் நாம் கேட்டால்தான் செய்வார்.

வயரிங் சரி என்றால், பிளக்குகளை மாட்டாமலே, பிளக்குக்குப் பொறி தரும் காயிலின் வயரைக் கழற்றிவிட்டு, செல்ஃபை விட்டு விட்டு அடியுங்கள். அழுத்தம் இல்லாததால் எஞ்சின் சுலபமாகச் சுற்றும், ஆயில் மேலே ஏறும். டாஷ்போர்டில் ஆயில் விளக்கு அணையும்வரை, மீட்டர் இருந்தால் முள் எழும்பும்வரை, இதைச் செய்ய வேண்டும். பாய் இந்த இடத்தில் பீடியை ஷெட்டுக்கு வெளியே அணைத்துவிட்டு வந்து, முள்ளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பெட்ரோல் டேங்க்தான் பெரிய தலைவலி. மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள், பழைய பெயின்ட் டப்பா வாசனை வந்தால் அது இனி பெட்ரோலே இல்லை. வடித்துவிட்டு, டேங்கைக் கீழே இறக்க வேண்டும். உள்ளே துருவும் பிசினும் இருக்கும். ரேடியேட்டர் கடைக்காரர்கள் டேங்க்கும் கழுவித் தருவார்கள். டேங்கில் ஓட்டை இருந்து வெல்டிங் வேண்டுமென்றால் ஒன்றைக் கவனியுங்கள்: பெட்ரோல் வடித்த காலி டேங்க், நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது. உள்ளே ஆவி காற்றோடு கலந்து நிற்கும், பொறி பட்டால் வெடிக்கும். பல தடவை கழுவி, தண்ணீர் நிரப்பி வேலை செய்யத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். "சும்மா ஒரு டச் வச்சிடலாம் சார்" என்பவரிடம் வேண்டாம்.

டேங்க் சுத்தமானாலும் ரப்பர் ஹோஸ்கள் பழசுதான். உங்கள் தாத்தா கடைசியாகப் போட்ட பெட்ரோல் வேறு, இப்போது பங்கில் வருவது வேறு. 2023இலிருந்து 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாகிவிட்டது. அந்தக் காலத்து ரப்பர் இதில் ஊறி உப்பும், இளகும், விரிசல் விடும். பெட்ரோல் பம்ப்புக்குள் இருக்கும் டயஃப்ரம் என்ற சவ்வும் அப்படியே. எத்தனால் தண்ணீரை இழுக்கும், டேங்கில் மிச்சமிருக்கும் பிசினையும் கரைத்துக் கொண்டுவரும். ஆகவே டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ஹோஸையும் எத்தனால் தாங்கும் வகையாக மாற்றி, நடுவில் உள்ளே தெரிகிற மாதிரி ஒரு சின்ன ஃபில்டர் வையுங்கள். ஹோஸில் காசு மிச்சம் பிடிப்பது சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டுவதில்தான் போய் முடியும்.

கார்புரேட்டரைப் பிரித்து ஸ்ப்ரே அடித்துக் கழுவுங்கள். பெட்ரோலை அளந்து விடும் ஜெட் ஓட்டையில் கம்பி விட்டுக் குத்தக்கூடாது, ஓட்டை பெரிதாகிவிட்டால் மைலேஜ் போச்சு. பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் வைத்தது என்றால் பாயிண்ட் முனையை ஜீரோ எமரி பேப்பரால் லேசாகத் தேய்த்து, கேப் அளந்து வையுங்கள், கண்டென்சரைப் புதிதாகப் போடுங்கள். முதல் ஸ்டார்ட்டுக்கு டேங்கை நம்பாமல் தனி பாட்டிலை உயரத்தில் கட்டி அதிலிருந்து பெட்ரோல் விடுவது நம்ம மெக்கானிக்குகளின் வழக்கம். நல்ல வழக்கம்தான். தீயணைப்பு சிலிண்டர் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும், வண்டியை ஷெட்டுக்கு வெளியே தள்ளிக்கொண்டு வந்து செய்யுங்கள்.

ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். பாலாற்றங்கரையில் வீட்டுப் பாத்திரத்தின் அடியில் என்ன படிகிறது என்று உங்களுக்கே தெரியும், அதே வெள்ளைப் படலம்தான் எஞ்சின் தண்ணீர்ப் பாதையிலும் படியும். கூலண்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் போடுங்கள். வேலூர் மே மாத வெயிலில், 40 டிகிரி தாண்டும் நாளில், கிரீன் சர்க்கிள் சிக்னலில் நிற்கும்போது அதன் அருமை தெரியும்.

எஞ்சின் சத்தம் கேட்டதும் எல்லோரும் ஒரு ரவுண்டு போகலாம் என்பார்கள். பிரேக் வேலை முடியாமல் வண்டி கேட்டைத் தாண்டக்கூடாது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இத்தனை வருஷத்தில் மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் உள்ளெல்லாம் துரு பிடித்திருக்கும். ரப்பர் கிட் மட்டும் மாற்றினால் துருப்பிடித்த சுவரில் உரசி மறுபடி ஒழுகும். புது சிலிண்டர் கிடைத்தால் அதையே போடுங்கள், கிடைக்காவிட்டால் லேத்தில் கொடுத்து உள்ளே ஸ்லீவ் என்ற புது உறை போடலாம். ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் கை சுத்தமான லேத்துகளுக்குப் பஞ்சமில்லை. மூன்று ரப்பர் பிரேக் ஹோஸ்களையும் மாற்றிவிடுங்கள், வெளியே நன்றாகத் தெரியும் ஹோஸ் உள்ளுக்குள் உப்பி அடைத்திருக்கும்.

கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டியிருந்தால் கியரே விழாது. பெடலை அழுத்திக் கட்டையால் முட்டுக் கொடுத்து, டாப் கியரில் போட்டு, நாலு பேர் முன்னும் பின்னும் உலுக்கினால் பெரும்பாலும் விட்டுவிடும். கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்று உடனே சொல்பவரிடம் இதை முதலில் செய்துபார்க்கச் சொல்லுங்கள். டயர் பற்றி யோசிக்கவே வேண்டாம், பட்டன் எவ்வளவு இருந்தாலும் நான்கையும் மாற்றுங்கள். ஸ்டெப்னியையும்.

இனி காகிதம். இதை எல்லாம் முடிந்த பிறகு பார்க்கலாம் என்று விடாதீர்கள், இன்றைக்கே தொடங்குங்கள், வண்டி வேலையைவிட இது மெதுவாக நகரும். பதினைந்து வருஷமானால் ஸ்கிராப் என்பது டெல்லிக் கதை, தமிழ்நாட்டில் சொந்தக் காருக்கு அப்படி வயதுத் தடை இல்லை. ஆய்வில் தேறினால் ஆர்.சி.யை ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்கலாம், அதற்குப் படிவம் 25. பழைய கார்களுக்கான கட்டணத்தை 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆக்கினார்கள், இருபது வருஷத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். தாமதத்துக்கு மாதம் 500 ரூபாய் தனி. உங்கள் விஷயத்தில் அது எந்தத் தேதியிலிருந்து என்று ஆபீஸில் எழுத்தில் கேளுங்கள். பசுமை வரியும் உண்டு. வின்டேஜ் என்று பதிவு செய்யலாமே என்று யாராவது சொல்வார்கள், அதற்கு முதல் விற்பனையிலிருந்து ஐம்பது வருஷம் கடந்திருக்க வேண்டும். கான்டெஸா விற்பனைக்கு வந்ததே 1984இல்.

தாத்தா பெயரில் இருப்பதால் முதலில் வாரிசுச் சான்றிதழ், பிறகு படிவம் 31. அத்தை, சித்தப்பா எல்லோரிடமும் இப்போதே கையெழுத்து வாங்கிவிடுங்கள், வண்டி பளபளவென்று வந்த பிறகு கேட்டால் பதில் வேறு மாதிரி வரும். உங்கள் ஆர்.சி. புத்தகத்தில் மாவட்டம் "வட ஆற்காடு அம்பேத்கர்" என்று இருந்தால் பதறாதீர்கள், 1989இல் வட ஆற்காடு பிரிந்தபோது வந்த பெயர் அது. குடியாத்தம் இன்னமும் வேலூர் மாவட்டம்தான், டிஎன் 23தான். எங்களுக்குத்தான் 2019இல் வாலாஜா ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போய்விட்டதால் இரண்டு ஆபீஸ் ஏற வேண்டியிருந்தது. புத்தக ஆர்.சி. விவரம் கம்ப்யூட்டரில் ஏறியிருக்காது, பழைய பதிவேட்டைப் பார்த்து ஏற்றச் சொல்லி மனு கொடுக்க வேண்டும். எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டையும் துரு சுரண்டிப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டு போங்கள். ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்று இல்லாமல் மெயின் ரோட்டில் ஏற்ற வேண்டாம். ஆய்வுக்குக்கூட லாரியில் ஏற்றிக்கொண்டு போவதே நிம்மதி.

கடைசியாக, பெயின்ட் அடிக்கும் ஆசையை அடக்கிவையுங்கள். டிங்கரிங் கடைக்காரர் முதல் வேலையாகக் கண்ணாடிகளையும் குரோம் பட்டைகளையும் பின் விளக்குகளையும் கழற்றி ஒரு மூலையில் போடுவார். 2002இல் உற்பத்தி நின்ற வண்டி இது. எஞ்சின் சாமான் கிடைக்கும், சென்னை புதுப்பேட்டையில் தேடினால் கியர்பாக்ஸ்கூடக் கிடைக்கும், ஆனால் விரிசலில்லாத முன் கண்ணாடியும் உடையாத பின் விளக்கும் கிடைப்பது கஷ்டம். அப்படிக் கழற்றுகிற நாள் வந்தால் ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, பழைய போர்வையில் சுற்றி, கடையில் விடாமல் உங்கள் வீட்டுப் பரணில் வையுங்கள்.